ஷூவோட நீளம் தெரியும், அகலம் தெரியுமா? அகலப் பாதக்காரங்களுக்கு ஒரு சைக்கிள் ஷூ கணக்கு

என்னோட செலவுக் கணக்கு எக்செல் ஷீட்ல "சைக்கிள் ஷூ – 1"னு ஒரு வரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல சிவப்பு கலர்ல 5,988 ரூபாய். அந்த ஷூவைப் போட்டு நான் சைக்கிள் ஓட்டினது மொத்தமே 11 தடவை. ஒரு தடவைக்கு 544 ரூபாய். இந்தக் காசுக்குச் சேலத்துல இருந்து நாமக்கல்லுக்கு ஏசி கார்லயே போயிருக்கலாம்!

மத்தவங்க கணக்கை ஆடிட் பண்ற ஆளு, சொந்தக் கணக்குல இப்படி ஒரு ஓட்டை விட்டிருக்கேன். நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் பாலிசி எல்லாம் நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு இந்த ஓட்டையைப் பேசுவோம். ஏன்னா இப்போ ஐடில இருக்கிறவங்க, பேங்க்ல இருக்கிறவங்கன்னு நிறையப் பேர் சைக்கிள் வாங்கிட்டு, அடுத்த மாசச் சம்பளத்துல ஷூ, அதுக்கு அடுத்த மாசம் ஹெல்மெட்னு வாங்கிட்டே போறீங்க. இதுல பெரும்பாலும் தப்பாப் போறது ஷூதான். அதுலயும் உங்க பாதம் என்னைப் போல அகலமா இருந்தா, கண்டிப்பாப் படிங்க.

நடந்தது இதுதான். ஒரு ஆன்லைன் ஆஃபர்ல 6,499 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. அடியில க்ளீட் மாட்டி, பெடலோட "டக்"னு பூட்டிக்கிற வகை. என் ஆபீஸ் ஷூ சைஸ் என்னவோ அதே சைஸ் போட்டேன். வந்தப்போ கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. "போடப் போட இளகிடும்"னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ரிட்டர்ன் தேதி தாண்டிப் போச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல சேலத்துல இருந்து மல்லூர் வழியா ராசிபுரம். அரை மணி நேரத்துல வலது கால் சுண்டுவிரல் பக்கம் எரிச்சல். ராசிபுரம் ஊருக்குள்ள நுழையறப்போ முன்பாதமே மரத்துப் போச்சு. பஸ் ஒண்ணு திடீர்னு நிக்க, நானும் நிக்கணும். பெடல்ல இருந்து காலைக் கழட்டக் குதிகாலைத் திருப்பணும். திருப்பினேனா இல்லையான்னே காலுக்குத் தெரியல. அப்படியே வண்டியோட சாய்ஞ்சு விழுந்தேன். முழங்கைல நல்ல சிராய்ப்பு. டீக்கடையில இருந்து ஓடி வந்து தூக்கிவிட்ட ஒரு அண்ணன் கேட்டார்: "ஏனுங்க தம்பி, காலைக் கட்டிப்போட்டுட்டா வண்டி ஓட்டுவீங்க?"

பின்னாடி லாரி எதுவும் வரல. அது என் நேரம். சரியில்லாத ஷூன்னா வெறும் காசு நஷ்டம்னு நான் நினைச்சது அன்னைக்கோட போச்சு.

அதுக்கு அப்புறமும் நான் திருந்தல, அதையும் சொல்லிடறேன். ஷூவுக்குள்ள மெத்துன்னு இருக்கட்டும்னு 900 ரூபாய்க்கு ஜெல் இன்சோல் வாங்கினேன். அது ஷூவுக்குள்ள இருந்த கொஞ்ச இடத்தையும் பிடிச்சுக்கிச்சு! பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற பெரியவர்கிட்ட கொடுத்து அகலப்படுத்தச் சொன்னேன், 300 ரூபாய். ரெண்டு நாள் கட்டை வெச்சு இழுத்துப் பார்த்துட்டு, "தோலா இருந்தா இளகும் தம்பி. இது ரெக்சின் மாதிரி, விட்டா பழையபடி சுருங்கிக்கும்"னு முன்னாடியே சொன்ன மாதிரிதான் ஆச்சு. கடைசியா ஒரு ஒல்லிப் பாதக்காரர் 2,000 ரூபாய்க்கு வாங்கிட்டுப் போனார்.

6,499 கூட 900, 300. மொத்தம் 7,699, அதுல 2,000 கழிச்சா 5,699 தானே வருது, 5,988 எப்படின்னு கேப்பீங்க. மீதி 289 ரூபாய் "நோ காஸ்ட் ஈஎம்ஐ" செலவு. ஆறு மாசம் போட்டிருந்தேன். ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. வட்டியைத் தள்ளுபடியாக் கொடுத்துடறாங்க, ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டியை நம்மகிட்டதான் வாங்குவாங்க. அது 54. நோ காஸ்ட்ல இருக்கிற காஸ்ட் அது. பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்னு தோணும்போது கூட, "ஈஎம்ஐ ஓடுதே, கேன்சல் பண்றது ஒரு தலைவலி"ன்னு சும்மா இருந்துடுவோம். எனக்கு 289 ரூபாயை விட இந்தச் சோம்பேறித்தனம்தான் அதிக நஷ்டம்.

நம்ம பாதம் தப்பில்ல

எங்க அப்பா சின்ன வயசுல நாமக்கல் பக்கம் வெறும் காலோட வளர்ந்தவர். அவர் பாதத்தைப் பார்த்தா விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். எனக்கும் அதே வார்ப்பு. ரொம்ப நாளா இதை ஒரு குறைன்னே நினைச்சிட்டு இருந்தேன்.

சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிஎல்ஆர்ஐ, 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு பாத சர்வே எடுத்தாங்க. 79 இடங்கள், 1,01,880 பேர், 3டி ஸ்கேனர் வெச்சு. கிடைச்ச முடிவு என்னன்னா, இந்தியர்களோட பாதம் பொதுவாவே அகலம். நாம இதுவரைக்கும் பிரிட்டிஷ்காரங்க விட்டுட்டுப் போன யூகே சைஸையும் ஐரோப்பிய சைஸையும் வெச்சே ஓட்டிட்டு இருக்கோம். அகலம் பத்தாததால, நீளத்துல ஒரு சைஸ் பெருசா வாங்கிச் சமாளிக்கிறோம். இதுக்கு மாத்தா "பா"ங்கிற பெயர்ல, பாரத்ங்கிறதோட முதல் எழுத்து, வயசு வாரியா எட்டுப் பிரிவுல ஒரு இந்திய சைஸ் முறையைப் பரிந்துரைச்சிருக்காங்க. 2024 ஏப்ரல்ல செய்தித்தாள்கள்ல எல்லாம் வந்துச்சு.

வெறும் காலோட நடந்து பழகினவங்க பாதம் அகலமாவே இருக்கும்னு பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவுல வந்து அளந்து 2009ல ஒரு கட்டுரையும் போட்டாங்க. மேற்கத்தியக் காரங்க பாதம்தான் ஒல்லின்னு அதுல வருது. ஷூவை வெச்சுப் பாதத்தைக் குறை சொல்ற பழக்கத்தை விட்டுடலாம்.

இதுல ஒரு வேடிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைல இருந்துதான் உலகத்துக்கே ஷூ போகுது. ஒரு ஷூவோட உள் வடிவத்தைத் தீர்மானிக்கிறது "லாஸ்ட்"னு சொல்ற அந்தப் பாத அச்சு. ஐரோப்பாக்காரர் ஆர்டர் கொடுத்தா அவர் அச்சுலதான் இங்க தைப்பாங்க. தைக்கிற கை நம்ம ஊர், அச்சு மட்டும் வெளியூர். சைக்கிள் ஷூ கதையும் அதேதான். அது ரேஸ் ஓட்டற ஐரோப்பாக்காரங்களுக்குன்னு பிறந்த பொருள். லுக் கம்பெனி 1984ல பூட்டிக்கிற பெடல் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் பெர்னார்ட் இனோ அதை மாட்டிக்கிட்டுத்தான் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சார். அங்க ஷூ காலோட ஒட்டின தோல் மாதிரி இருக்கணும். இளகவும் கூடாது. மெரினாவுல நடக்கிற கேன்வாஸ் ஷூ மாதிரி நாலு நாள்ல வளைஞ்சு கொடுக்காது.

முதல்ல அளவு, அப்புறம்தான் ஆப்

எந்த ஆப்பையும் திறக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், ஒரு பேப்பர், ஒரு பேனா, அம்மாவோட தையல் டேப். செலவு பூஜ்யம்.

சாயங்காலம் அளங்க. காலைல எழுந்ததும் அளந்தா ஏமாந்துடுவீங்க. நம்ம ஊர் வெயில்ல நாள் முழுக்க இருந்தா பாதம் வீங்கும், சைக்கிள் ஓட்டினாலும் வீங்கும். ஓட்டிட்டு வந்த உடனே அளந்தா இன்னும் நல்லது. ஓட்டும்போது போடற அதே சாக்ஸ் போட்டுக்கோங்க. பேப்பர் மேல எழுந்து நின்னு, முழு எடையையும் போட்டு, வேற யாரையாவது பேனாவை நேரா நிமிர்த்திப் பிடிச்சு வரையச் சொல்லுங்க. நீங்களே குனிஞ்சு வரைஞ்சா எடை மாறிடும்.

மூணு நம்பர் வேணும். குதிகால்ல இருந்து நீளமான விரல் நுனி வரைக்கும் நீளம். கட்டைவிரல் மூட்டுல இருந்து சுண்டுவிரல் மூட்டு வரைக்கும் அகலம். அந்த ரெண்டு மூட்டையும் சுத்தி டேப்பை வெச்சா வர்ற சுற்றளவு. ரெண்டு காலுக்கும் எடுங்க, பெரிய காலோட நம்பர்தான் கணக்கு. எனக்கு நீளம் 258 மி.மீ., அகலம் 106, சுற்றளவு 262.

இப்போ சைஸ் சார்ட். யூகே சைஸ்ல ஒரு நம்பர் ஏறினா 8.5 மி.மீ. கூடும், ஐரோப்பிய சைஸ்ல ஒரு நம்பருக்கு 6.7 மி.மீ. இதெல்லாம் நீளம் மட்டும்தான். சிமானோ சார்ட்ல 41ன்னா 25.8 செ.மீ., 42ன்னா 26.5, 43ன்னா 27.2. என் நீளத்துக்கு 41 சரி. நான் முதல்ல வாங்கினதும் அதுதான். நீளம் கச்சிதம், அகலத்துலதான் அடி வாங்கினேன்.

"அப்போ 43 வாங்கிடலாமே, அகலமும் கொஞ்சம் கூடுமே"ன்னு தோணும். நானும் கடையில போட்டுப் பார்த்தேன். முன்பாதம் கொஞ்சம் மூச்சு விட்டுச்சு, ஆனா ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் எழும்பி எழும்பி உக்காருது. அதைவிடப் பெரிய சிக்கல், பாதத்தோட தடிச்ச பாகம் பெடலுக்கு நேரா வராது, ஷூவோட அகலமான இடத்துல பாதத்தோட அகலமான இடம் உக்காராது. சட்டை தோள்ல பிடிக்குதுன்னு கையை நீளமாத் தைச்சுக்கிற மாதிரி.

அதனால பெட்டியில எழுத்தைப் பாருங்க. அமெரிக்க முறைல ஆண்கள் ஷூவுக்கு டி சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ ரொம்ப அகலம். ஜப்பான் முறைல ஒவ்வொரு எழுத்துக்கும் சுற்றளவு 6 மி.மீ. கூடும். சைக்கிள் ஷூவுல சிமானோ சில மாடல்கள்ல "வைட்"னு தனியாவே போடறாங்க, லேக் கம்பெனி அகலப் பாதத்துக்குப் பேர் போனது, ஆனா விலை நம்ம பட்ஜெட் இல்ல. பெண்கள்ல அகலப் பாதம் இருக்கிறவங்க, ஆண்கள் மாடல்ல சின்ன சைஸ் கிடைக்குதான்னு பாருங்க. பெரும்பாலும் அதோட அச்சு ஒரு சுத்து அகலமா இருக்கும்.

எழுத்து எதுவுமே போடாத ஷூவா? கடையில நின்னே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. உள்ள இருக்கிற இன்சோலை வெளிய எடுத்துத் தரையில போட்டு, அது மேல எழுந்து நில்லுங்க. சுண்டுவிரல் பக்கமோ கட்டைவிரல் பக்கமோ பாதம் வெளிய வழியுதா? வழிஞ்சா அந்த ஷூவை அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. 50% தள்ளுபடியா இருந்தாலும் சரி. எனக்கு அந்த முதல் ஷூவுல ரெண்டு பக்கமும் வழிஞ்சுது. விக்கும்போதுதான் எடுத்துப் பார்த்தேன்!

உங்களுக்குப் பூட்டுற ஷூ தேவையா?

இந்தக் கேள்வியை ஷூ விக்கிறவங்க யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க.

விழுந்து எழுந்த அடுத்த வாரம் நான் பூட்டுற பெடலைக் கழட்டி டப்பால போட்டுட்டு, 1,400 ரூபாய்க்கு முள்ளு முள்ளா பின் வெச்ச அகலமான நைலான் பெடல் மாட்டினேன். ஷூ? வீட்டுல ஏற்கெனவே கிடந்த 2ஈ அகல ஓடற ஷூ. ஏழு மாசம் அப்படித்தான் ஓட்டினேன். சங்ககிரி, திருச்செங்கோடு, ஒரு தடவை நாமக்கல் கோட்டை வரைக்கும். நம்ம சமவெளி ரோட்டுல மணிக்கு 20, 22 கி.மீ. வேகத்துல போறவங்களுக்கு இதுவே தாராளம்னு என்னோட கருத்து. ரொம்ப மெத்துன்னு இருக்கிற ஷூ மட்டும் வேண்டாம், மிதிக்கிற சக்தியை ஸ்பாஞ்ச் தின்னுடும். அடிப்பாகம் கொஞ்சம் விறைப்பா, தட்டையா இருக்கட்டும்.

ஏற்காடு 20 கொண்டை ஊசி, கொல்லிமலை 70 கொண்டை ஊசின்னு மலை ஏற ஆரம்பிச்சீங்கன்னாலோ, பதிமூன்றரை மணி நேரத்துல 200 கி.மீ. முடிக்கிற பிரெவே மாதிரி நீளமா ஓட்டறீங்கன்னாலோ, பூட்டுற ஷூவோட அருமை தெரியும். அதுவரைக்கும் அந்தக் காசு எமர்ஜென்சி ஃபண்டுல இருக்கட்டும். நான் வெச்சிருக்கிற அளவுகோல் இது: சாதா பெடல்ல 50 தடவை ஓட்டி முடிச்சவங்க மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்க. 50 வரைக்கும் வராதவங்க ஷூ வாங்கினாலும் வர மாட்டாங்க.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, ரெண்டு போல்ட் க்ளீட் மாட்டற வகையா வாங்குங்க. சிமானோ 1990ல கொண்டு வந்த எஸ்பிடி முறை அது. க்ளீட் அடிப்பாகத்துக்குள்ள புதைஞ்சு இருக்கும், இறங்கி டீக்கடைக்கு நடந்து போகலாம். மூணு போல்ட் வகையில வாத்து மாதிரிதான் நடக்கணும், டைல்ஸ் தரையில வழுக்கும். ஒட்டுற பட்டை இல்லைன்னா லேஸ் வெச்சது நல்லது. லேஸ்னா கீழ் ஓட்டை ஒண்ணை விட்டுட்டுக் கோர்க்கலாம், முன்பாதத்துக்கு இடம் கிடைக்கும். கார்பன் அடிப்பாகமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், நைலான் போதும். புதுசாப் பூட்டப் பழகறவங்க பல திசையிலயும் கழட்ட வர்ற எஸ்எச்56 க்ளீட் கேட்டு வாங்குங்க. ராசிபுரத்துல என்கிட்ட அது இருந்திருந்தா முழங்கை தப்பிச்சிருக்கும்.

ஜிஎஸ்டில ஒரு பள்ளம் இருக்கு

சிஏ எழுதற கட்டுரைல ஜிஎஸ்டி வராம எப்படி? 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ஜோடி காலணி 2,500 ரூபாய் வரைக்கும் இருந்தா 5%, அதுக்கு மேல 18%. இது வருமான வரி ஸ்லாப் மாதிரி இல்ல. 2,500ஐ ஒரு ரூபாய் தாண்டினா, முழுத் தொகைக்கும் 18%. வரிக்கு முந்தைய விலை 2,500ன்னா நீங்க கட்டறது 2,625. 2,501ன்னா 2,951. ஒரு ரூபாய்க்கு 326 ரூபாய் வித்தியாசம்.

இதை எப்படிப் பயன்படுத்தறது? கடையில ஒரு ஷூ வரியோட 3,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. அதுல வரி இல்லாத விலை சுமார் 2,542. "அண்ணா, 42 ரூபாய் குறைச்சு 2,500க்குப் பில் போடுங்க"ன்னு கேளுங்க. தள்ளுபடியைப் பில்லுலயே காட்டணும். அவருக்கு 42 ரூபாய் குறையுது, உங்களுக்கு 375 ரூபாய் மிச்சம். முறையான வழிதான், ஒளிவு மறைவு இல்ல. பில் இல்லாமக் குறைச்சுத் தரேன்னு சொன்னா மட்டும் வேண்டாம், மாத்தவும் முடியாது, வாரண்டியும் இல்ல. சைக்கிளுக்கும் அதே நாள்ல இருந்து 12% வரி 5% ஆயிடுச்சு, புது வண்டி பார்க்கிறவங்க பழைய விலைப் பட்டியலை நம்பாதீங்க.

வெளிநாட்டு சைட்ல அகல மாடல் சல்லிசாக் கிடைக்குதேன்னு ஆர்டர் போடறவங்க சுங்க வரி, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் கூட்டிப் பாருங்க. அதைவிட முக்கியம், பத்தலைன்னா திருப்பி அனுப்பற செலவுக்கு இங்கயே இன்னொரு ஷூ வாங்கிடலாம்.

கோயம்புத்தூர், பெங்களூரு போற வேலை இருந்தா, அங்க பெரிய ஸ்போர்ட்ஸ் கடையில போட்டுப் பார்த்தே வாங்குங்க, சாயங்காலமா போங்க. ஆன்லைன்னா, ஷூ வந்த அன்னைக்கே வீட்டுக்குள்ள 20 நிமிஷம் போட்டுட்டு இருங்க. சைக்கிளைச் சுவத்துல சாய்ச்சு உக்காந்து மிதிச்சுப் பாருங்க. விரலை அசைக்க முடியணும், குதிகால் எழும்பக் கூடாது. முடிவு பண்ற வரைக்கும் க்ளீட்டை மட்டும் மாட்டிடாதீங்க. திருகு முடுக்கின தழும்பு அடியில விழுந்துச்சுன்னா ரிட்டர்ன் எடுத்துக்க மாட்டாங்க. ரிட்டர்ன் கடைசி தேதியை போன்ல அலாரமா வெச்சுக்கோங்க. ஜிஎஸ்டிஆர்-3பி தேதிக்கு அலாரம் வெச்ச நான் இதுக்கு வெக்கல, அதான் அந்தச் சிவப்பு வரி.

ஏற்கெனவே டைட் ஷூ வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கு: தடிச்ச இன்சோலை எடுத்துட்டு மெலிசாப் போடுங்க, மெலிசான சாக்ஸ் போடுங்க, க்ளீட்டைக் குதிகால் பக்கமா சில மி.மீ. பின்னாடி நகர்த்துங்க, முன்பாதத்து மேல அழுத்தம் குறையும். இதுக்கெல்லாம் காசு ரொம்ப இல்ல. பாதத்தோட நீள எலும்புகளுக்கு நடுவுல போற நரம்பை அமுக்கறதாலதான் மரத்துப் போகுது. ஷூவைக் கழட்டின அப்புறமும் மரப்பு போகலைன்னாலோ, சுகர் இருக்கிறவங்களுக்கு மரத்துப் போனாலோ, டாக்டர்கிட்ட போங்க. ஷூவை மாத்தி மாத்திப் பரிசோதனை பண்ணாதீங்க.

இப்போ என் ஷீட்ல அடுத்த வரி, "சைக்கிள் ஷூ – 2". அகல அச்சு, ரெண்டு போல்ட், நைலான் அடி, ஒட்டுற பட்டை. கலர் எனக்குப் பிடிக்கல, அதனாலதான் கடையில தேங்கிக் கிடந்து விலை குறைஞ்சுது. 5,000 கூட 18%, மொத்தம் 5,900 ரூபாய், ஈஎம்ஐ இல்லாம. டப்பால கிடந்த பழைய பெடல் திரும்ப வேலைக்கு வந்துச்சு. போன ஞாயித்துக்கிழமையோட 140 தடவை ஓட்டியாச்சு. ஒரு தடவைக்கு 42 ரூபாய், இன்னும் குறைஞ்சிட்டே வருது. அந்த ராசிபுரம் டீக்கடையில இப்பவும் நிறுத்துவேன். அந்த அண்ணன் முதல்ல என் காலைத்தான் பார்ப்பார்.